ஒரு ரிங் வந்தால் கூப்பிட வேண்டாம்

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வனஜாவின் காது வாசல் பக்கம் போய்விடும். கை என்னவோ வேலையில்தான் இருக்கும். தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ்ஸிலிருந்து விழும் கார்க் கதவுக் கீல்களை எடுத்துப் பிசிறு பார்ப்பாள், டிரேயில் அடுக்குவாள், எவளாவது பேச்சை நீட்டினால் ஒரு முறை முறைப்பாள். காது மட்டும் எட்டு பிரஸ்களின் தடதடப்பைத் தாண்டி, ஷட்டரைத் தாண்டி, செக்யூரிட்டி அறையில் அறை அறையாகத் தடுத்த பிளைவுட் பெட்டிக்குள் கிடக்கும் அவள் போனின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தனை தூரத்திலிருந்து எதுவும் கேட்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் காது போகும்.

தினமும் பதினோரு மணிக்கு, ஆவடி பக்கம் சேக்காட்டு வீட்டிலிருந்து அவள் கணவர் ராமன் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று மணிக்கு இன்னொன்று. சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

ராமன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். போன வருஷம் ஆடி மாதம் நெஞ்சு அடைத்து விழுந்தார். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் வனஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மறுபடி வந்தா யோசிக்கவே கூடாதும்மா. தூக்கிட்டு ஓடி வந்துடணும். இதுல நேரம்தான் மருந்து" என்றார். அந்த வாக்கியம் அவளுக்குள் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. மகள் வித்யா கட்டிக்கொண்டு போய் ஓசூரில் இருக்கிறாள். ராமன் வேலையை விட்டுவிட்டார். காலை ஏழரைக்கு வனஜா கிளம்பினால் சாயங்காலம் ஆறரை வரை வீட்டில் அவர் ஒருவர்தான்.

மிஸ்டு கால் ராமனின் யோசனை. "போன்ல பேசறதுக்குத்தான் இப்ப துட்டே இல்லியே, அப்புறம் எதுக்கு மிஸ்டு காலு?" என்று வனஜா கேட்டாள்.

"பேசினா நீ பத்து கேள்வி கேப்பே. உன் மெஷினு நிக்கும். ஒரு ரிங்குல முடிச்சுடறேன், இன்சார்ஜம்மா" என்றார். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த பிரஸ் ஷாப்பில் லைன் இன்சார்ஜ் ஆன நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அது போனைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்த காலம். பிறகு அனுசுயாவுக்கு அப்படி ஆயிற்று.

அனுசுயா அப்போது ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸில் உட்கார்ந்தவள். மடியில் போனை வைத்துக்கொண்டு வேலை செய்வாள்; எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு நாள் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தாள். பார்க்கும்போதே கால் பெடலை அமுக்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் பாதிக்கு மேல் இல்லாமல் போயிற்று. அந்த விரல்களைத் துணியில் சுற்றி ஐஸ் டப்பாவில் எடுத்துக்கொண்டு ஓடியவள் வனஜா. ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மேனேஜர் வெற்றிச்செல்வன், அவள் மகள் வயதுதான் இருக்கும், தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன் உள்ள வரக் கூடாது மேடம். நான் ரூல் போட்டா சண்டைக்கு வருவாங்க. நீங்க தமிழ்ல எழுதிக் குடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

வனஜா எழுதினாள். பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எட்டு விதிகள். போனை வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ரிங் சத்தத்தைக் குறைக்கக் கூடாது. வீட்டில் அவசரம் என்று அடித்தால் அது செக்யூரிட்டியின் காதில் விழ வேண்டும். தொடர்ந்து அடித்தால் செக்யூரிட்டி வந்து கூப்பிடுவார். ஆறாவதாக இதை எழுதினாள்: "ஒரு ரிங் வந்தால் கூப்பிட வேண்டாம்." அறுபது பேருடைய வீட்டிலிருந்தும் நாள் முழுக்க மிஸ்டு கால் வரும். ஸ்கூல் வேன் வந்துவிட்டது என்று ஒரு ரிங், தண்ணி லாரி வந்துவிட்டது என்று ஒரு ரிங், சும்மா நினைத்துக்கொண்டேன் என்று ஒரு ரிங். அதற்கெல்லாம் ஓடி வந்தால் லைன் ஓடாது.

முதல் வாரம் போன்கள் சமர்த்தாகப் பெட்டிக்கு வந்தன. இரண்டாவது வாரம் வனஜாவுக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டியில் கிடந்த போன்கள் நாளுக்கு நாள் கிழடாகிக்கொண்டு வந்தன. ஒரு நாள் ஆபீஸ் போனிலிருந்து ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்த்தாள். பெட்டி ஊமையாக இருந்தது. சுதாவின் நம்பரை அடித்தபோது லைனில் தொங்கிய அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து குத்துப்பாட்டு கிளம்பியது.

"அது தயிர்சாதம் பாடுதுக்கா" என்றாள் சுதா, கூசாமல்.

"தயிர்சாதத்த எடுத்துகினு போய் வாசல்ல குடு. செத்த போனையும் ஊட்டுக்கு எடுத்துகினு போ."

"உனக்கு மட்டும் இன்னாக்கா, இன்சார்ஜு. உன் போனு உள்ளதானே கீது?"

லைன் முழுக்க இவளையே பார்த்தது. வனஜா அன்றைக்கே தன் போனையும் கொண்டுபோய்ப் பெட்டியில் பதினாலாம் அறையில் வைத்தாள்.

செக்யூரிட்டி வீராசாமி அறுபது வயதுக்காரர். நூம்பலிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"கவலையே படாதம்மா. பதினோரு மணிக்கு ஒரு ரிங்கு, மூணு மணிக்கு ஒரு ரிங்கு. வந்தா கேட் ரெஜிஸ்டர் பின்னாடி டயம் போட்டு எழுதி வெச்சுடறேன். டீக்கு வரும்போது நீ பாத்துக்க. நீளமா அடிச்சா ஓடியாறேன்."

அப்படியே நடந்தது. டீ நேரத்தில் அவள் வாசல் பக்கம் போவாள். வீராசாமி ஒரு விரலைக் காட்டுவார். அவள் டீயைக் குடிப்பாள். விரல் தெரிகிற வரை டீ இறங்காது.

ஒரே ஒரு முறைதான் நீளமாக அடித்தது. தை மாதம் அது. வீராசாமி ஷட்டரிலிருந்தே, "வனஜாம்மா! ஊட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டு வந்தார். இன்சார்ஜ் இல்லாமல் பிரஸ் ஓடக் கூடாது என்பது ஏழாவது விதி. எட்டு பிரஸ்ஸும் நின்றன. வனஜா செருப்பில்லாமல் ஓடினாள். எடுத்த அவசரத்தில் போன் ஸ்பீக்கருக்குப் போய்விட்டது.

"வனஜா, பெருங்காய டப்பாவ எங்க வெச்சே?" என்றார் ராமன். "ரசம் வெக்கலாம்னு பாக்கறேன். நீ வந்தா அசந்துபோவே."

கேட்டில் வெற்றிச்செல்வன் நின்றிருந்தார். பின்னாலேயே ஓடி வந்த சுதாவும் இன்னும் நாலு பேரும் நின்றிருந்தார்கள். சுதா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். மேனேஜர் மணியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அது போதும். விதி எழுதியவள் வீட்டிலிருந்தே பெருங்காயத்துக்குப் போன் வருகிறது என்று ஒரு வாரம் லைனில் பேச்சு. யாராவது தும்மினால்கூட "பெருங்காயம் வேணுமா?" என்றார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கத்தினாள். "மெஷின நிறுத்திட்டு உயிர கையில புடிச்சிகினு ஓடியாந்தேன்யா! பெருங்காயமா? என் மானமே போச்சு!"

ராமன் முதலில் சிரித்தார். அவள் அழுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அடுப்பில் ரசம் இருந்தது. இருவரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ராமன் ஒரு ரிங்குக்கு மேல் அடித்ததே இல்லை.

அந்த வியாழக்கிழமை கஸ்டமர் ஆடிட். கார் கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்து லைன் லைனாகப் பார்ப்பார்கள் என்று ஒரு மாதமாகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் தலையை வாரிக்கொண்டே வனஜா சொன்னாள்.

"இன்னிக்கு மட்டும் என் மானத்த காப்பாத்து. ஒரு ரிங்கு. அதுக்கு மேல போனு அடிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிங்க, இன்சார்ஜம்மா" என்றார் ராமன். நெஞ்சுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணுது?"

"ராத்திரி துன்ன பரோட்டா. கேஸு. நீ கிளம்பு, டிரெய்ன வுட்டுடுவே."

அவள் ஒரு நிமிடம் நின்றாள். ஓம வாட்டர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். கிளம்பிவிட்டாள். ரயிலில் வரும்போது அந்தத் தடவல் ஒரு தரம் ஞாபகத்துக்கு வந்தது. போன் பண்ணினாள். "இப்ப தேவலை. ஏப்பம் வந்துடுச்சு" என்றார்.

அன்று டீக்கு யாரும் வெளியே போகவில்லை. டீ லைனுக்கே வந்தது. ஆடிட்டர்கள் பக்கத்து லைனில் நின்றுகொண்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று ஆயிற்று. பதினொன்று பத்து. வனஜா டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். டீயில் ஆடை படிந்தது. பதினொன்று இருபதுக்கு அவளால் முடியவில்லை.

"சுதா, பாத்ரூம் போறியா?"

"வர்லியேக்கா."

"போ."

சுதா அவள் முகத்தைப் பார்த்தாள். "புரியுதுக்கா. மாமா நல்லாக்கீறாரான்னு வீராசாமிகிட்ட கேட்டுகினு வரணும். அதுக்கு ஏன் என் மூத்திரத்த இழுக்கறே?"

ஐந்து நிமிடத்தில் வந்தாள். தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். "வந்துச்சாம்."

வனஜா ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவள் நன்றாக வேலை செய்தாள். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பின்னாளில் அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிசிறில்லாத கீல்கள். ஒரு குறை சொல்ல முடியவில்லை ஆடிட்டர்களால்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் வாசலுக்குப் போனாள். வீராசாமி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஊட்டுக்காரரு செம குஷியா? ஒரு தபா இல்ல, மூணு தபா நல்லாக்கீறேன்னு சொல்லிட்டாரு!"

"மூணா?"

"ஆமாம்மா. பதினொண்ணு ரெண்டு. பதினொண்ணு ஆறு. அப்பால பதினொண்ணு பதினொண்ணு. எல்லாம் ஒரே ரிங்குதான். ஒரு ரிங்குக்கு மேல இல்ல. கரெக்டா எழுதி வெச்சிக்கீறேன், பாரேன்."

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். நீல மையில் மூன்று நேரங்கள், ஒன்றன்கீழ் ஒன்று. பிழையில்லாமல் எழுதியதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வனஜாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பத்து மாதத்தில் ராமன் ஒரு நாள்கூட இரண்டு தடவை ரிங் விட்டதில்லை.

போனை எடுத்து அடித்தாள். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி ஓய்ந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாள். ஒரே சந்தடி. யாரோ எவளையோ வரிசையில் நுழையாதே என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கக்கா கீறே?"

"ரேஷன் கடையாண்ட. பாமாயில் போடறாங்கடீ. பத்து மணிலேர்ந்து நின்னுகினு கீறேன். இன்னா?"

"ஊட்டுக்குப் போக்கா. அவரு போன எடுக்கல."

"தூங்குவாருடீ. இன்னும் மூணே பேருதான் எனக்கு முன்னாடி..."

"போக்கா!"

அந்தக் குரலுக்குப் பஞ்சவர்ணம் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

வெற்றிச்செல்வன் ஆடிட்டர்களோடு கேன்டீன் பக்கம் போய்க்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்து வந்தார். "மேடம், லஞ்ச் முடிஞ்சதும் அனுசுயா கேஸ் பத்திக் கேப்பாங்க. போன் ரூல நீங்கதான் எக்ஸ்ப்ளெய்ன்..." அவள் கையிலிருந்த போனையும், ரெஜிஸ்டரையும், வீராசாமியையும் பார்த்தார். "போங்க மேடம். பாஸ் நான் போட்டுக்கறேன். போங்க."

வீராசாமி அதற்குள் ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் குறுக்கே நின்று மறித்திருந்தார்.

"எந்த ஆஸ்பத்திரிமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆஸ்பத்திரி இல்ல. சேக்காடு. வீட்டுக்கு."

"வூட்டுக்குப் போறதுக்கா இந்தப் பெருசு வண்டில வுழறாரு?"

அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் வண்டி நின்றது. அவள் மனத்துக்குள் ராமனைத் திட்டத் தொடங்கினாள். மறுபடியும் ஏதாவது டப்பாதான் தேடியிருப்பார். ஒரு ரிங்குக்கு மேல் அடிக்கக் கூடாது என்றதால் மூன்று தடவை ஒரு ரிங். அவர் புத்தி அப்படித்தான் போகும். அப்புறம் போனை எங்கேயோ வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கினாள். ஆடிட் நாளில் என்னை இப்படி ஓட வைத்தாயே. எல்லார் எதிரிலும் என்னை. இந்த முறை அழக் கூடாது. கத்த வேண்டும். நன்றாகக் கத்த வேண்டும். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு மட்டும் இருந்தால் போதும், கத்தாமல்கூட விட்டுவிடலாம்.

திருமுல்லைவாயல் தாண்டும்போது மடியில் போன் அடித்தது. பஞ்சவர்ணம். விரலை வைப்பதற்குள் நின்றுவிட்டது.

ஒரு ரிங்.

திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வனஜா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "கொஞ்சம் சீக்கிரம் போண்ணா" என்று அதுவரை நாலைந்து தடவை சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவராகவே வேகத்தைக் கூட்டினார்.

சப்வே இறங்கி ஏறித் தெருவுக்குள் திரும்பியபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பஞ்சவர்ணம் படியில் உட்கார்ந்திருந்தாள். காலிப் பாமாயில் பை அவள் கையில் சுருண்டிருந்தது.

"போன் போட்டேன்டீ" என்றாள். "போட்டுட்டேன். ஆனா இன்னான்னு சொல்றது? வாய் வரலடீ. கட் பண்ணிட்டேன்."

ராமன் வாசலைப் பார்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகும்போது போடும் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தார். கழுத்து வரை பொத்தான். காலில் செருப்பு. மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கி வைத்திருந்தார், வருகிறவர்கள் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று. ஓம வாட்டர் பாட்டிலில் பாதி குறைந்திருந்தது. கிளம்பத் தயாராக உட்கார்ந்து காத்திருந்த ஆள். தலை மட்டும் தோள் பக்கம் சாய்ந்திருந்தது.

போன் அவர் கைக்குள் இருந்தது. வித்யா ஓசூரிலிருந்து வந்த பிறகுதான் யாரோ அதை எடுத்துக் கொடுத்தார்கள். வனஜா பெயர், பக்கத்தில் மூன்று என்ற எண். வேறு யாருக்கும் அவர் அடிக்கவில்லை. நூற்றெட்டுக்கும் இல்லை. கம்பெனி லேண்ட்லைன் நம்பரைக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள், அதற்கும் இல்லை.

ஒரு ரிங்குக்கு மேல் அடிக்க விரலில் வலுவில்லாமல் விட்டாரா, அவள் சொன்னதற்காக விட்டாரா? கேஸா நெஞ்சா என்று அவருக்கே தெரியாமல் ஒவ்வொரு தடவையும் யோசித்து யோசித்துக் கட் பண்ணினாரா? பதினாறு நாளும் அவள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள், "உடனே பாத்திருந்தாலும் சொல்ல முடியாதும்மா" என்றார்கள். சொல்ல முடியாது என்பதுதான் அவளுக்கும் தெரிந்தது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனாள். வித்யா, "இன்னும் கொஞ்ச நாள் இரும்மா" என்றாள். வீட்டில் பதினோரு மணியைத் தனியாகத் தாண்ட அவளால் முடியவில்லை.

வாசலில் வீராசாமி இல்லை. அவள் வருவதைப் பார்த்துவிட்டு அறைக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். அவளே தேடிக்கொண்டு போனாள்.

"நான் வேற எடம் கேட்டுக்கீறேன்மா" என்றார், சுவரைப் பார்த்து. "வானகரத்துல ஒரு குடோனாம். மொத ரிங்கு வந்தப்பவே... ரெண்டாவது வந்தப்பவாவது நான்..."

"எழுதினது நான்தாண்ணே" என்றாள் வனஜா. "நீ எழுதினபடி செஞ்சே."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவள் போனைப் பதினாலாம் அறையில் வைத்தாள். டோக்கனுக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுக்க வேண்டியதாயிற்று.

உள்ளே லைனில் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெற்றிச்செல்வன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஏதேதோ சொல்ல முயன்றுவிட்டுக் கடைசியில், "போன் ரூல எடுத்துடலாமா மேடம்? எனக்கும் மனசு கேக்கல. எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அனுசுயா பேக்கிங் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். பாதி விரல்களால் அட்டைப்பெட்டியை மடிக்க இன்னும் பழகவில்லை. இடது கையால் அழுத்திப் பிடித்து, முகவாயால் மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். வனஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார். பெட்டி இருக்கட்டும்" என்றாள். "ஆறாவத மட்டும் மாத்தணும்."

நோட்டீஸ் போர்டுக்குப் போனாள். தன் கையெழுத்தையே ஒரு நிமிடம் படித்தாள். ஆறாவது வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, அதே முத்துக் கையெழுத்தில் எழுதினாள்: "ஒரு ரிங் வந்தாலும் கூப்பிட வேண்டும்."

பின்னால் நின்ற வெற்றிச்செல்வன் மெதுவாகச் சொன்னார். "மேடம், ஒரு நாளைக்கு நூறு மிஸ்டு கால் வரும். லைன் ஓடுமா?"

"ஓடற மட்டும் ஓடட்டும் சார்."

வீராசாமி வானகரம் போகவில்லை. அந்த ஆறாவது விதியைப் படித்ததிலிருந்து ஓட ஆரம்பித்தார். ஒரு ரிங் வந்தால் போதும், டோக்கன் நம்பரைக் கத்திக்கொண்டு ஷட்டருக்குள் வருவார். முதல் நாள் இருபத்தேழு தடவை ஓடினார். அவர் தொப்பி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"முப்பத்தொண்ணு! முப்பத்தொண்ணு!"

சுதா பிரஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடினாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாடீ?" என்றார்கள்.

"லோன் குடுக்கற கம்பெனிக்காரன்க்கா. ஒரு ரிங்குல புரிஞ்சுகினு வெச்சுட்டான், நமக்குக் குடுத்தா திரும்பி வராதுன்னு."

பதினெட்டு நாளில் முதல் முறையாக லைனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வனஜாவும் சிரித்தாள் என்று பிறகு சொன்னார்கள். அவளுக்கு நினைவில்லை.

அன்றும் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. காது தன் பாட்டுக்கு வாசல் பக்கம் கிளம்பியது. அவள் அதைத் தடுக்கவில்லை. கீல்களை எடுத்துப் பிசிறு பார்த்தாள். போன் பதினாலாம் அறையில் முழுச் சார்ஜோடு இருக்கிறது. ரிங் சத்தத்தைக் குறைக்கவில்லை.

பதினொன்று இரண்டு. ஷட்டரில் வீராசாமியின் தலை தெரிந்தது. இந்த முறை அவர் நம்பரைக் கத்தவில்லை. ஓட்டத்தில் குரல் எழும்பவில்லை போலிருக்கிறது. லைன் நடுவே நேராக அவளைப் பார்த்து ஓடி வந்தார். வனஜாவின் கையிலிருந்த கீல் கீழே விழுந்தது. அவள் எழுந்து நின்றுவிட்டாள். நிற்கும்போதே பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் கால் செருப்பை உதறிவிட்டது.

அவர் அவளைத் தாண்டிப் போனார்.

"அனுசுயா... அம்பத்தெட்டு... ஒரு ரிங்கு" என்று பேக்கிங் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அனுசுயா போய் வந்தாள். "எம் பொண்ணுக்கா. ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாளாம். இன்னிக்கு சீக்கிரமே வுட்டுட்டாங்களாம்" என்று, கேட்காமலே வனஜாவிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, கீழே கிடந்த கீலைக் குனிந்து பாதி விரல்களால் எடுத்து, டிரேயில் வைத்தாள்.

வனஜா செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே" என்றாள். "நடந்தே வாயேன். இந்த வயசுல எதுக்கு இப்படி ஓடறே?"

வீராசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நடந்தா எனக்கு மனசு தாங்கலம்மா" என்றார். அதற்குள் வாசல் பக்கம் எதுவோ கேட்ட மாதிரி தலையைச் சாய்த்தார். பிரஸ்களின் தடதடப்பில் யாருக்கும் எதுவும் கேட்டிருக்க முடியாது. அவர் ஓடினார்.